வாசலில் இல்லாத கோலம்

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் என் கணவர் தன் நெடுநாள் ஆசைப்படி பெரிய எலெக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அப்படியொரு சொகுசு. சாய்ந்தால் சீட்டே மசாஜ் செய்யும், ஓடுகிற சத்தமே கேட்காது. ரிவர்ஸ் எடுத்தால் பின்பக்கம் முழுவதும் டி.வி. போலத் திரையில் தெரியும். கார் வந்ததிலிருந்து மனிதர் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எல்லாவற்றையும் நவீனமாக்க வேண்டும் அவருக்கு. "தினமும் குனிஞ்சு எதுக்கு இடுப்பை ஒடிச்சுக்கிற? பெயின்ட்ல ஒரு கோலம் போட்டுட்டா ஆச்சு" என்று என்னையும் விடமாட்டார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று நாங்கள் இருவரும் தொட்டியத்திலுள்ள கொழுந்தனார் வீட்டுக்குக் கிளம்பினோம். காலேஜில் படிக்கும் எங்கள் மகள், "நீ போய்ப் புடவை கட்டும்மா, கோலம் நான் போடறேன்" என்று வாளியோடு வாசலுக்குப் போனாள். வாசலைக் கழுவிவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

கார் நிற்பது வீட்டின் பக்கவாட்டில். பக்கக் கதவு வழியாக வந்து ஏறினோம். கேட் திறந்திருந்தது. திரையில் வாசல் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் தாமரைக் கோலம், சுற்றிலும் காவி. ஆள் யாருமில்லை. முடித்துவிட்டு உள்ளே போயிருப்பாள் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே காரைப் பின்னால் நகர்த்தினார்.

கோலம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது நான் போட்டது. வெள்ளிக்கிழமை என்று காவி இட்டதும் நான்தான்.

"ஏங்க, நிறுத்துங்க! அது நேத்துக் கோலம்!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கத்திய கத்தலில் பிரேக்கை மிதித்துவிட்டார்.

இறங்கி ஓடினேன். காருக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், காதில் இயர்போனோடு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள் என் மகள். கோலமாவு டப்பா காருக்கு அடியில் கிடந்தது. அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். "என்னம்மா நீ, கோலத்தை மிதிக்கிற!" என்று அவள் கோபித்துக்கொண்டாள். என் கணவர் ஈர வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். காருக்குள் திரை இன்னும் ஆளில்லாத வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது.

திருச்சியில் சர்வீஸ் சென்டர்காரர் பதறவேயில்லை. "இந்த மாடலுக்கே ரீகால் வந்திருக்கு மேடம், எல்லா வண்டியையும் கொண்டுவரச் சொல்லி. பழைய படம் அப்படியே நின்னுடும், பீப் சத்தமும் வராது. ஆப்ல மெசேஜ் வந்திருக்குமே? சின்ன அப்டேட்தாங்க" என்றார். வந்துதான் இருந்தது, பண்டிகை வாழ்த்துக்கும் தள்ளுபடி விளம்பரத்துக்கும் நடுவில், நாங்கள் திறந்தே பார்க்காமல்.

"எதுங்க சின்னது? பின்னாடி உக்காந்திருந்தது எம் பொண்ணுங்க" என்று கேட்டேன்.

இப்போது கேமராவைச் சரிசெய்துவிட்டார்கள். இருந்தாலும் எங்களில் ஒருவர் தெருவில் நின்று கை காட்டாமல் கார் வெளியே வருவதில்லை. பெயின்ட் பேச்சையும் அவர் எடுப்பதில்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வாசலில் பெயின்ட் அடித்திருந்தால், நேற்றைய வாசலும் இன்றைய வாசலும் எனக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், மாவை எடுத்த கை இன்றைக்கும் அப்படியே நின்றுவிடுகிறது.