தீப்பிடித்தால் பேசலாம்

கரிச்சூளைக்காரன் மகன் தோமெகிச்சி நல்ல வாயாடி. நாகானோ மலையில் இருக்கும் எங்கள் ஊர் அவன் வாயையே அடைத்தது. ஊர்த்தலைவர் கோன்ஸோவின் மகள் நுய் அவனைக் கட்டிக்கொண்ட அன்றே இருவரையும் ஒதுக்கி வைத்தோம். ஒதுக்கப்பட்டவர்களோடு இரண்டு காரியத்துக்குத்தான் பேசலாம்: சாவு, தீ. தீர்ப்புச் சொன்னவர் பெண்ணைப் பெற்ற அப்பாவேதான். ஐந்து வருஷம் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தோமெகிச்சி வயிற்றுப்பாட்டுக்குப் படம் காட்டும் கம்பெனியில் சேர்ந்தான். படங்களுக்குக் குரல் இல்லாத காலம். திரைக்குப் பக்கத்தில் நின்று காதலன், காதலி, கிழவன் எல்லாருக்கும் அவனே பேசுவான்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்தில் படம் போட ஏற்பாடு. கம்பெனி அனுப்பிய ஆள் அவன்தான்!

"அவன் பேசுறதை நாம கேக்கலாம்யா. நாம பேசினாத்தான் தப்பு," என்றார் கோன்ஸோ.

"கைதட்டலாமா?" என்று கேட்டேன். முறைத்தார்.

மத்தியானம் சன்னல்களை அடைத்துவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கதவோரம் நுய், மடியில் நாலு வயது மகள். முன்வரிசையில் நுய்யின் அம்மா தோரா, கழுத்தைத் திருப்பாமல். பேத்தியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

படத்திலும் அதே கதைதான். பெரிய வீட்டுப் பெண், வேலைக்காரன், ஊர்த் தீர்ப்பு. கோன்ஸோகூட மூக்கை உறிஞ்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகள் கதவோரம் இருக்கிறாள், இவர் திரையில் வருகிறவளுக்கு அழுகிறார்.

திரையில் ஊரார் காதலர்களின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். தோமெகிச்சி சட்டென்று கதையை விட்டுவிட்டுத் தன் குரலில் பேசினான்.

"அத்தை, தீப்பிடிச்சிருச்சு. ஊரே பாத்துக்கிட்டிருக்கு. தீன்னா பேசலாம்ல? உங்க பேத்தி கதவுகிட்ட இருக்கா. பேரு கிகு."

எல்லார் கண்ணும் கோன்ஸோ மேல். குடிசை பாதி எரிந்துவிட்டது.

தோரா எழுந்தாள். "என்னத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்று புருஷனைக் கேட்டாள். "தீ எரியுதுல்ல, காலை மடக்குங்க."

எங்கள் கால்களை மிதித்துக்கொண்டு கதவுக்குப் போனாள். குழந்தையை வாரியெடுத்து, "சாப்பிட்டியாடி கண்ணு?" என்றாள். பிறகு நுய்யின் தலையைத் தடவினாள். நான் அழுதேன்.

திரையில் குடிசை சாம்பலாகி அடுத்த காட்சி வந்துவிட்டது. கோன்ஸோ படக் கருவியைக் கையால் சுற்றும் ஆள் பக்கம் திரும்பினார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏப்பா, அந்தத் தீ வர்ற இடத்தை இன்னொரு தரம் போடு," என்றார். "நான் இன்னும் பேசல."