கருவாட்டு வாசனைக்கு ஒரு ஃபேன்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், கீழ்வீட்டில் குடியிருக்கிறோம். மாடி அறைகளை வீட்டுக்கார அம்மா வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில் பயிர் வைத்துக்கொண்டிருக்கும் என் அப்பா, கண் ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் வீட்டில் வந்து தங்கினார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நெத்திலிக் கருவாடு, கத்திரிக்கா போட்டு ஒரு கொழம்பு வையேம்மா. நாக்கு செத்துப்போச்சு."

வைத்தேன். ரசித்துச் சாப்பிட்டார். சாயங்காலம் வீட்டுக்கார அம்மா வந்து வாசலிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மேல தங்கியிருக்கற வெள்ளைக்கார அம்மா, ஏதோ செத்துக் கெடக்குதுனு தண்ணித் தொட்டி வரைக்கும் போய் தேடிட்டு வந்தாங்க. அவங்களுக்கு என்ன சொல்றதுனே எனக்குத் தெரியல."

எனக்கு உடம்பு கூசிப்போனது. கண்தான் மறைந்திருந்ததே தவிர, பின்னால் உட்கார்ந்திருந்த நைனாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். "கிச்சனுக்கு ஃபேன் வெச்சிடறோம்ங்க" என்று அவசரமாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் என் கணவர் எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தார். தூசி படக்கூடாது என்று நைனாவைப் படுக்கையறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, பைப்பைப் பின்பக்கக் காலி மனைப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

"இன்னாத்துக்குமா சொவத்த ஒடைக்கறாங்க?" உள்ளேயிருந்து நைனா கேட்டார்.

"பொகை போறதுக்கு நைனா."

"பொகைக்கா" என்றார்.

சில நாள் கழித்து மறுபடி அதே குழம்பை அடுப்பில் ஏற்றினேன். ஜன்னலையெல்லாம் மூடி ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படிக்கடியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். கேட்டுக்குப் போய் அங்கேயும் பார்த்தேன். அந்த வெள்ளைக்கார அம்மா படியிறங்கி வந்தார். கைகூப்பிச் சிரித்தார். மூக்கைப் பொத்தவில்லை. அவர் தெருவில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

திரும்பினால், நைனா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"வருதாம்மா?"

"வரல நைனா. சாப்பிட வாங்க."

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவினார். துண்டில் துடைத்தபடி அந்தக் கையை என்னிடம் நீட்டினார்.

"நாத்தம் கீதானு பாரும்மா. செத்த நேரம் வெளிய போய் உக்காரலாம்னு பாக்கறேன்."

வயலில் வேலை பார்த்த கையை இப்படி யாரிடமும் அவர் நீட்டியதில்லை. பிடித்து முகர்ந்தேன். சோப்பு வாசனைக்கு அடியில் கருவாடு இருந்தது.

"ஒண்ணும் இல்ல நைனா."

ஆனாலும் அவர் வெளியே போகவில்லை. டாக்டர் கண்ணைப் பார்த்து ஊருக்குப் போகலாம் என்று சொல்லும்வரை ரசமே போதும் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஃபேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.