அத்தானுக்கு சூப் வைத்த செம்புக் குண்டான்

என் பெரியப்பாவுக்கு நாலு பெண்கள். மூன்றாவது அக்காவைப் பளபளா என்றுதான் கூப்பிடுவோம். பஞ்சாலை கேண்டீனில் இருபத்தாறு வருஷம் பாத்திரம் தேய்த்தவள். அவள் கழுவிய தட்டில் முகம் பார்த்து மேஸ்திரி மீசையை ஒதுக்கிக்கொள்வாராம். கேண்டீனோடு விட்டாளா? வீட்டிலும் கதவுக் கொண்டியிலிருந்து வாளிப் பிடிவரை தேய்ப்பாள். "என்னையும் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் இப்படி ஒல்லியாக்கிட்டா" என்பார் அத்தான்.

அவள் வேலையை விட்டு நின்றபோது, ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு பழைய செம்புக் குண்டானைக் கொடுத்தனுப்பினார்கள். வெளியே சிவப்பு; உள்ளே மட்டும் மங்கலான வெள்ளை. அக்காவுக்குப் பொறுக்குமா? செங்கல் பொடியும் கம்பி நாருமாகத் தினம் உட்கார்ந்து, உள்ளேயும் செக்கச்செவேல் என்று ஆக்கிவிட்டாள்.

அப்புறம் அத்தான் படுத்துக்கொண்டார். ஈரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். சோறு இறங்கவில்லை, தக்காளி சூப்தான் இறங்கியது. செம்பு உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் அந்தக் குண்டானில் சூப் வைத்து, சாயங்காலம் வரை அதிலேயே வைத்திருந்து கொடுப்பாள். குடித்தால் வாந்தி. வாந்தி எடுத்த உடம்புக்குத் தெம்பு வேண்டுமே என்று மறுபடியும் சூப்.

நாலாம் மாதம் நான் பார்க்கப் போனேன். அடுப்படியில் குண்டானைக் கையில் எடுத்தேன். விளிம்பு மடிப்பில், அவள் நகம் நுழையாத இடத்தில், பச்சையாகக் களிம்பு.

"அக்கா, இதுக்குள்ள ஈயம் பூசியிருக்கணுமே?"

"ஈயமா? என்னமோ வெள்ளையா அழுக்குதான் அப்பியிருந்துச்சு. அதை எடுக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சுடி."

சொல்லாமல் இருக்கவா முடியும்? சொன்னேன். ஈயம் போன செம்பில் புளிப்பு நின்றால் செம்பு அதில் இறங்கும், வயிற்றைப் புரட்டும் என்று. அக்கா கையிலிருந்த துணியால் அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். குண்டான் விஷயத்தைச் சொல்லிவிட்டு அக்கா கேட்டாள்.

"நோவு பாதி, நான் பாதியா டாக்டர்?"

"வாந்திக்கு அது காரணமா இருக்கலாம்மா. ஈரல் முன்னாடியே கெட்டிருந்தது. எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. இனிமே எவர்சில்வர்ல வெச்சுக் குடுங்க."

அப்படியே செய்தாள். வாந்தி குறைந்தது. ஆனால் மனிதர் எழுந்து உட்காரவில்லை. நான் கிளம்பும் நாளன்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"சப்புன்னு இருக்கு. உன் குண்டான்ல வெச்சா நாக்குல ஒரு விறுவிறுப்பு இருக்கும். இத்தனை நாள் என்னை உசுரோட வெச்சிருந்ததே அதுதானே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"தக்காளி சரியில்லைங்க" என்று இன்னொரு கரண்டி நீட்டினாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.