ஏணியை விட்டுவிட்டுப் படம் பார்க்கப் போனவர்களுக்கு

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. வருசத் திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை வணக்கம் சொல்லி இதை எழுதுகிறேன். இந்தப் பக்கங்களை எழுத வேண்டியவர் எங்கள் சித்தப்பா. எழுதியும் கொடுத்துவிட்டார். "தொலைக்காட்சி மீது கொண்ட அளவற்ற மோகத்தால், பெரியோர் தடுத்தும் கேளாமல் ஏறி, விதிவசத்தால் வீழ்ந்தார்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டு இதைப் போடச் சொன்னேன். சபை நாகரிகம் தெரியாதவள் என்று என்னைப் பேசுகிறவர்கள் தாராளமாகப் பேசிக்கொள்ளட்டும்.

அண்ணன் பேரையூர்ப் பக்கம் மானாவாரிப் பருத்தி போட்டுப் பிழைத்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மழை பொய்த்த வருடங்களில் அப்பா கூலிக்குப் போனார். அண்ணன் டி. கல்லுப்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தார். அப்பா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அண்ணன் படிப்பை அத்தோடு நிறுத்திக்கொண்டு மதுரைக்கு வந்து ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் சேர்ந்தார். கடைசி வரை அதே கடையில்தான் பில் போட்டார். என்னைப் படிக்க வைத்ததும், கட்டிக்கொடுத்ததும், என் பிள்ளைக்கு மொட்டை போட மடியில் வைத்துக்கொண்டதும் அவர்தான். இதையெல்லாம் செய்த மனிதரைப் பற்றித்தான் "அந்த டிஷ் பைத்தியமா?" என்று நம் குடும்பத்தில் கேட்டார்கள்.

ஆமாம், அண்ணனுக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜை இடித்தபோது மாடியில் கிடந்த எட்டடிக் கம்பிவலை டிஷ்ஷை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வில்லாபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. "என்னண்ணே, பெரிய பந்திக்கு அப்பளம் பொரிக்கவா?" என்று பால்காரர் கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே டிஷ்ஷை இறக்கினார். துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, திருகி நகர்த்த ஒரு மோட்டாரும் பொருத்தி, வானத்தில் எந்தெந்த நாட்டுச் செயற்கைக்கோள் நிற்கிறதோ அதையெல்லாம் தேட ஆரம்பித்தார்.

மாதச் சந்தா கட்டிச் சீரியல் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இலவசமாக வானத்திலிருந்து இறங்குவதை, யாரும் காட்டிக்கொடுக்காமல் தானாகக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு ருசி. தாய்லாந்தில் சமையல் கற்றுக்கொடுப்பார்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு ஊரில் ஒட்டகப் பந்தயம் ஓடும். எல்லாவற்றையும் விட, செய்தியாளர்கள் நேரலைக்குப் போவதற்கு முன்னால் கேமரா முன் சும்மா நிற்கும் படம் கிடைத்துவிட்டால் அண்ணனைப் பிடிக்க முடியாது. "இங்க வா, இங்க வா! இந்தம்மா பல்லக் குத்திக்கிட்டு நிக்குது பாரு! இன்னும் ரெண்டு நிமிசத்துல பெரிய மனுசியாட்டம் சேதி சொல்லும் பாரு" என்று என்னையும் மதினியையும் மகளையும் கூப்பிடுவார். மதினி கரண்டியும் கையுமாக வந்து நின்று சிரிப்பார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அந்த டிஷ்ஷால் வந்த சண்டை ஒன்றுகூட இல்லை.

மதுரையில் பெரிய டிஷ் ஏறக்குறைய வானத்தைப் பார்த்தபடிதான் கிடக்கும். அதனால் அதில் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்கிறது, டெங்கு பரவுகிறது என்று யாரோ மாநகராட்சிக்குப் புகார் கொடுத்தார்கள். அதிகாரி மாடிக்கு வந்து பார்த்தார். வலையில் தண்ணீர் எப்படித் தேங்கும்? அவரே வெட்கப்பட்டுக்கொண்டு, ஒட்டகப் பந்தயம் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

இனி நம் சொந்தங்களின் கதைக்கு வருகிறேன். உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் சின்ன டிஷ்களில் அண்ணன் கை படாதது எது? காற்றடித்தால் அண்ணனுக்குப் போன். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னல் வாங்கும் எல்என்பிக்குள் குளவி கூடு கட்டினால் அண்ணனுக்குப் போன். உங்கள் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயர் விட்டுப்போகும், மழை பெய்தால் மட்டும் தவறாமல் ஞாபகம் வரும். அவர் வந்து, ஏறி, சரிசெய்து, கை கழுவிவிட்டுக் கிளம்பிய பிறகு, "வேற சோலி இல்லாத மனுசன்" என்று பேசுவீர்கள். அதுவும் அவர் காதுக்கு வந்திருக்கிறது. "விடு தாயி, படம் தெரியுதுல்ல" என்று மட்டும் சொன்னார். அண்ணன் விட்டுவிட்டார், எனக்கு விடத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் பிடிவாதக்காரர். மாடியில் டிஷ்ஷைத் திருப்பும்போது கீழே டிவி பக்கத்தில் ஒருவர் நின்று சத்தம் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் மீட்டர் சிக்னல் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும், வேண்டிய செயற்கைக்கோள்தானா என்று அதற்குத் தெரியாது. அதனால் "வந்துருச்சா?", "இல்லண்ணே", "இப்ப?", "லேசா வந்து போச்சுண்ணே" என்று மாடிக்கும் கூடத்துக்கும் பேச்சு போய்க்கொண்டே இருக்கும். ஏணி போட வேண்டிய இடமாக இருந்தால் இன்னொருவர் வேண்டும். அவர் ஏணியைப் பிடித்தபடி நிற்க வேண்டும், படத்தைப் பார்க்கக் கூடாது, அண்ணன் தரையில் கால் வைக்கும் வரை கையை எடுக்கக் கூடாது. ஆள் இல்லை என்றால் ஏறமாட்டார். நான் வாக்கப்பட்ட வீட்டுக்கு வந்தபோதுகூட இதற்காகக் காத்திருந்து, நான் பாத்திரம் கழுவி முடித்து வந்த பிறகு ஏறியிருக்கிறார்.

சித்தப்பா புது வீடு கட்டியபோது டிஷ்ஷை மொட்டைமாடியின் வடகிழக்கு மூலையில் அண்ணன்தான் மாட்டினார். இடுப்பளவு கைப்பிடிச் சுவர், நின்றபடி கை எட்டும் உயரம், தெற்கு வானம் திறந்த இடம். ஒரு குறையும் கிடையாது. பிறகு வாஸ்து பார்க்க ஒருவர் வந்தார். சித்தப்பா மகனுக்குப் பெண் அமையாமல் தள்ளிக்கொண்டே போவதற்கு ஈசானிய மூலையில் இரும்பு நிற்பதுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். டிஷ்ஷை மாடிப்படி அறையின் தலைமேல் ஏற்றச் சொன்னார்கள்.

அன்று நானும் அங்கே இருந்தேன். "சித்தப்பா, அங்கன ஏற படி இல்ல. சுத்திச் சுவரும் இல்ல. கீழ பூராம் கூலிங் டைல்ஸ், தண்ணி பட்டா கண்ணாடி மாதிரி வழுக்கும்" என்றார் அண்ணன்.

"வருசத்துக்கு ஒரு தடவ ஏறப்போற, அதுக்கு எம்புட்டுப் பேச்சு? பையன் கல்யாணம் முக்கியமா, ஒன் சவுரியம் முக்கியமா?" என்றார் சித்தப்பா.

பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று அண்ணன் மாற்றிக் கொடுத்தார். பெரியோர் தடுத்தும் கேளாமல் ஏறினாராம். ஏற்றியது யார்?

போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல மழை. அண்ணன் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் சோறு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த மதினி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார்.

"டேய் பெரியவனே, காத்துல டிஷ்ஷு திரும்பிக்கிச்சு. வீட்டுல இருவது பேரு உக்காந்துருக்காக. மேட்ச்சு ஆரம்பிக்கப் போகுது. கெளம்பி வா."

"மழை ஈரம் காயட்டும் சித்தப்பா, சாயங்காலம் வாரேன்."

"சாயங்காலம் வந்து என்னத்தப் பாக்குறது? வர முடியுமா முடியாதா, அதச் சொல்லு."

அண்ணன் ரசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் கையைக் கழுவினார். மதினி, "ஈரத்துல ஏறாதீக" என்றார். "ஏணியப் பிடிக்க ஆள் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆள் இருந்தது. சித்தப்பா மகன், எங்கள் தம்பி, ஏணியைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவர் கூடத்தில் நின்று சத்தம் கொடுத்தார். அண்ணன் டிஷ்ஷைத் திருப்பினார். கீழே "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று வீடே கத்தியது. தம்பியும் கையை எடுத்துவிட்டுக் கீழே ஓடினான். படம் வந்த பிறகுதான் நட்டை முறுக்க வேண்டும் என்பதும், முறுக்கிய பிறகுதான் மனிதர் இறங்குவார் என்பதும் அந்த இருபது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நட்டை முறுக்கிவிட்டு அண்ணன் ஏணியில் கால் வைத்தார். ஈர டைல்ஸில் ஏணி வழுக்கியது. மொட்டைமாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் விளிம்பில் அவர் தலை அடித்தது.

இதைப் பார்த்தவர் எதிர் வீட்டு அம்மா. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். மழை விட்டதென்று மாடியில் துணி காயப்போட வந்தவர், பதறிப்போய்த் தன் மொழியிலேயே கத்தியிருக்கிறார். பிறகு தமிழில் கத்தியிருக்கிறார். கூடத்தில் டிவி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவரே தன் வீட்டுப் படி இறங்கி, தெருவைத் தாண்டி, சித்தப்பா வீட்டுக்குள் புகுந்து, டிவியை மறைத்துக்கொண்டு நின்று சொல்லியிருக்கிறார். "தள்ளுங்கம்மா, மறைக்குது" என்று ஒருவர் சொன்னாராம். அவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். "நாந்தான்க்கா விட்டுட்டு ஓடிட்டேன். அண்ணே இன்னும் மேல இருக்காருன்னு நெனப்பே இல்லக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனை அன்று நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. உண்மையைச் சொன்னான். சித்தப்பா வந்து அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அதன்பின் இன்று வரை அவன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அண்ணன் கண் விழிக்கவே இல்லை. மறுநாள் உயிர் பிரிந்தது.

வீட்டில் பந்தல் போட்டு முடிப்பதற்குள் கதை மாறிவிட்டது. "நாங்க வேணாம்னு எம்புட்டோ சொன்னோம், டிஷ்ஷுன்னா அவனுக்குக் கண்ணு தெரியாதுல்ல" என்று சித்தப்பா துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஸ்பீக்கரில் போனைக் கேட்ட மதினி, கூடத்தின் மூலையில் அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டீர்களா? பதினாறு முடிவதற்குள், "மொதல்ல அந்த எமன எறக்குங்கடா" என்று சொல்லி அண்ணன் வீட்டு மாடியில் இருந்த எட்டடி டிஷ்ஷை அறுத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டீர்கள். அந்த டிஷ்ஷுக்கு ஏணியே தேவையில்லை. நின்றபடி கை எட்டும். மோட்டாரைக் கீழே உட்கார்ந்தபடியே திருப்பலாம். அதிலிருந்து ஒரு குழந்தைகூட விழ முடியாது. கொன்றது உங்கள் வீட்டு டிஷ், அறுத்தது எங்கள் வீட்டு டிஷ். உங்கள் டிஷ் இன்றும் அந்தப் படி அறையின் தலையில்தான் இருக்கிறது. அண்ணன் முறுக்கிய நட்டு இன்னும் அசையவில்லை போலிருக்கிறது, படம் நன்றாகத் தெரிகிறதாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டு அம்மாவுக்கும், சீட்டெல்லாம் ரத்தமானபோதும் முகம் சுளிக்காமல் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எங்களோடு வெளியே காத்திருந்த ஆட்டோக்கார பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் வேலை பார்த்த கடைக்காரர்கள் அவர் மகளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். முகம் பார்த்திராமல் போனிலேயே அண்ணனோடு பழகிய டிஷ் நண்பர்கள் திருவாதவூரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் தேடி வந்தார்கள். வெறும் மாடியைப் பார்த்துவிட்டு அவர்கள் அழுதபோதுதான் மதினியும் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதார். அவர்கள் அனைவருக்கும் என் கைகூப்பிய நன்றி.

சித்தப்பாவுக்கும் அன்று அந்தக் கூடத்தில் இருந்த மற்றவர்களுக்கும் ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணன் உயிரைத் திருப்பிக் கேட்கவில்லை. போலீசுக்குப் போகவில்லை, போகவும் மாட்டேன். தம்பிக்கு இந்தத் தையில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன், நன்றாக நடக்கட்டும். ஆனால் அண்ணன் பெயரை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். மோகத்தில் ஏறி விழுந்த பைத்தியக்காரர் என்று அவர் மகள் காதில் இனி விழக் கூடாது.

இன்று பந்தி போடுவதற்கு முன் மதினி அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நேராக அவரிடம் போங்கள். "நாங்க கூப்பிட்டோம், அவர் வந்தார், நாங்க ஏணிய விட்டுட்டுப் போயிட்டோம்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து இலையில் உட்காருங்கள், நானே பரிமாறுகிறேன். சொல்ல முடியாதவர்கள் சாப்பிடாமல் போய்விடுங்கள்.