வெட்டிய இடத்தில் ஒரு மூச்சு

“எங்கக்கா குரல்ல கை வைக்காதீங்க அத்தான்!”

“குரலா? அது ரெண்டாவது டிராக். அவ்வளவுதான்.”

“அவ பாடினதுல மிச்சம் இருக்கிறதே இது ஒண்ணுதான்!”

“அதுக்கு? பிரேம் போட்டு மாட்டணுமா?”

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதையல்ல, நானே அந்த அறையில் நின்றேன். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்கும் சாக்கில் மாடியேறியிருந்தேன். என் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். சண்டைச் சத்தம் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

மேல்வீட்டு மகானுக்கு நாங்கள் வைத்த பெயர் ஹெட்போன். இசையமைப்பாளர் என்று சொல்லிக்கொள்வான். அவன் போட்ட மெட்டில் ஊருக்குத் தெரிந்தது ஒரு செருப்புக்கடை விளம்பரம். மனைவி செத்து எட்டு மாதம். இருவரும் சேர்ந்து பாடிய ஒரே பாட்டில் அவள் குரலை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகப் பேசி முடித்திருக்கும் பெண்ணின் குரலை ஒட்டப் போகிறானாம். மாலைக்குள் ஏதோ கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். செத்தவளின் தங்கை, அவன் மச்சினி, அதைக் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள்.

“ஒரு காப்பியாவது குடுங்க அத்தான்.”

“குடுத்தா நாளைக்கு நெட்ல போட்டு உரிமை கொண்டாடுவே.”

மணி மூன்று ஐந்து. பட்டப்பகல். ஜன்னல் நிறைய வெயில்.

திரையில் இரண்டு பட்டைகள். மேலே நீலம், அவன் குரல். கீழே சிவப்பு, அவள் குரல். பாட்டோடு நகரும் கோட்டை நாற்பத்தெட்டாவது நொடியில் நிறுத்தி ஒரு விசையைத் தட்டினான். டக். சிவப்பு அந்த இடத்தில் பிளந்தது. எழுபதாவது நொடியில் இன்னொரு டக். நடுத்துண்டை அழித்தான். நான் வெண்டைக்காய் நறுக்கவே இதைவிட யோசிப்பேன்.

பெருமையாக ஓட்டிக் காட்டினான். அவன் பாடினான். நாற்பத்தெட்டு வந்தது. இனி ஒன்றும் கேட்கக்கூடாத இடம்.

ஹ்ஹ்...

மூச்சு. பாட வாயெடுப்பவர் இழுக்கும் மூச்சு.

“அது லீக், அவ சத்தம் என் மைக்லயும் விழுந்திருக்கு. உங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது.”

நீலப் பட்டையின் ஒலியையும் அடைத்தான். மறுபடி ஓட்டினான். ஒலி அளவு காட்டும் பச்சைக் கோடு அசையவே இல்லை.

ஹ்ஹ்...

இந்த முறை ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அவன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான்.

ஹ்ஹ்...

“அக்கா...” மச்சினி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“சும்மா இரு! இது வெறும்...”

டக்.

அவன் கை விசையில் இல்லை. நீலப் பட்டை பிளந்தது.

அவன் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. பிறகு பாதியிலிருந்து குரல் வந்தது. “...கோளாறு.”

டக்.

என் பக்கம் திரும்பினான். “ஆன்ட்டி, நீங்க முதல்ல...”

வாய் மட்டும்.

டக்.

டக்.

பாட்டு இருந்த ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கி மச்சினி கையில் திணித்தான்.

மூச்சு நின்றது.

மூன்று பதினேழு.

அன்றே அவன் பேச்சு திரும்பியது; தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். மகானுக்கு வெட்கமும் இல்லை. மூன்றாம் மாதமே, ஒரு வியாழக்கிழமை, பதிவு அலுவலகத்தில் கல்யாணம். நானும் போனேன். போகாமல் இருப்பேனா? அதிகாரி “சம்மதமா?” என்று கேட்டார். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டி வைத்தான். மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று பெண்வீட்டார் சிரித்தார்கள். சனிக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி போன் செய்தாள். அவளும் கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போயிருந்தாள். இவன் கல்யாண சேதியே அவளுக்குத் தெரியாது.

“ஆன்ட்டி, அந்த டிஸ்க் இத்தனை நாள் பீரோவுலதான் இருந்துச்சு. இன்னைக்குத்தான் திறந்தேன். அக்கா குரல் முழுசா இருக்கு. அவர் அழிச்ச இடமும் இருக்கு.”

“நல்லதாப் போச்சு.”

“ஆனா கீழ மூணாவதா ஒரு டிராக் இருக்கு. நான் போடல. எல்லாம் அத்தான் பேச்சு, துண்டு துண்டா. ‘சாஃப்ட்வேர்’... ‘வெளிய போங்க’... கடைசித் துண்டுல போன வியாழக்கிழமை தேதி இருக்கு.”

“அதுல... என்ன சொல்றான்?”

“ஒரே வார்த்தை. ‘சம்மதம்.’”

“அழிச்சிடும்மா.”

“எதுக்கு ஆன்ட்டி? அக்கா எடுத்து வச்சிருக்கா. அவகிட்டயே இருக்கட்டும்.”