தலையாட்டிக்குக் கிடைத்த இரக்கம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்ததை மட்டும் சொன்னால், என்னை ஏதோ பெரிய விசுவாசி என்று நினைத்துவிடுவீர்கள். 2017ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடந்துகொண்டிருந்த ஒரு சபைக்கு நான் பொலிஸைக் கூப்பிட்டேன். அவர்கள் செய்த குற்றம், பாட்டுப் பாடியது. அந்த நாட்களில் எங்கள் சபையில் எனக்கிருந்த பொறுப்பு என்ன தெரியுமா? வாசலில் நின்று வருகிறவர்களை அன்போடு வரவேற்பது.

விஷயம் இதுதான். பாரிஸ் லாச்சப்பலில் நாங்கள் கூடும் மண்டபம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஞாயிறு பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை கொங்கோ நாட்டுச் சகோதரர்களின் சபை. அதற்குப் பிறகு எங்கள் தமிழ்ச் சபை. அவர்கள் ஒருநாளும் மூன்றரைக்கு முடித்ததில்லை. நாங்களும் ஒருநாளும் மூன்றரைக்கு வந்ததில்லை. ஆனாலும் நாலு மணிக்கு வந்து நின்றுகொண்டு, நேரம் தெரியாத மனிசர் என்று அவர்களைத் திட்டுவோம். நாங்கள் அவர்களுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுதமாட்டேன். உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் அதைச் சொல்லியிருப்பீர்கள்.

அவர்களில் ஒனோரே என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும். கட்டட வேலை செய்கிறவர். கூட்டம் முடிந்ததும் மண்டபத்தைக் கூட்டித் துடைத்து, கதிரைகளை எங்கள் முறைப்படி அடுக்கி, கதவுத் திறப்பை என் கையில் தருவது அவர்தான். தரும்போது பிரெஞ்சில், "நல்ல ஞாயிறாகட்டும், என் சகோதரனே" என்பார். நான் முகம் நிறையச் சிரித்தபடி தமிழில், "எங்கடை அம்மா ஆபிரிக்காப் பக்கம் போனதாச் சொல்லேல்லையே" என்பேன். பின்னால் நிற்கிற எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரிப்பார். ஒவ்வொரு கிழமையும் இது நடந்தது.

அந்த ஞாயிறு மழை. குடைக்கு அடங்காத மழை. நாங்கள் எதிர்ப்பக்கக் கடையின் கூரைக்குக் கீழே ஒடுங்கி நிற்கிறோம். உள்ளே மேளம் ஓயவில்லை. எனக்குக் காலுறை நனைந்துவிட்டது. என் ஆவிக்குரிய வாழ்க்கை காலுறை வரைக்கும்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். மெல்ல மூலைக்குப் போய், பொலிஸின் அவசர இலக்கத்தை அழுத்தினேன். ஏழு வருடமாக என் காலை வாரிவிட்ட பிரெஞ்சு, அன்று மட்டும் ஒரு பிழையில்லாமல் வந்தது. பெரிய சத்தம், ஆபிரிக்கர் கூட்டம், பயமாக இருக்கிறது என்றேன். பயமாம்! திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன்.

பொலிஸ் வருவதற்குள் பாட்டு முடிந்து, ஒனோரே மண்டபத்தைத் துடைத்தும் முடித்துவிட்டார். கடைசிச் சனமும் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் திறப்பை வாங்க வாசலுக்குப் போனேன். வண்டி வந்து நின்றது. நாலு பொலிஸார் இறங்கி, வாசலில் நின்ற ஆண்களைச் சுவரோடு வரிசையாக நிற்கச் சொன்னார்கள். ஆறு பேர். ஆறாவது ஆள் நான்.

ஆம், கூப்பிட்டவனையும் சேர்த்துத்தான் நிறுத்தினார்கள். என் நிறத்தைப் பார்த்தார்கள், வரிசையைக் காட்டினார்கள். குடை பிடித்தபடி எத்தனையோ வெள்ளைக்காரர் அந்த நடைபாதையால் போனார்கள். ஒருவரிடமும் காகிதம் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற எங்கள் சபையார் இரண்டடி பின்னால் போனதையும் கண்டேன்.

"நான்தான் கூப்பிட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பலாம். ஆனால் பக்கத்தில் ஒனோரே நிற்கிறார். என் கை தானாகப் பொக்கற்றுப் பக்கம் போனது. அதை அவர் பார்த்துவிட்டார். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: "பயப்படாதை. கையைப் பொக்கற்றுக்குள்ளை விடாதை. கேட்டால் மட்டும் கதை."

என்னிடம் பத்து வருட வதிவிட அட்டை இருந்தது, மற்ற நாலு பேரிடமும் ஏதோ காகிதம் இருந்தது. விட்டுவிட்டார்கள். ஒனோரேயிடம் அட்டை ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய அகதி விண்ணப்பம் எப்போதோ நிராகரிக்கப்பட்டிருந்தது. வண்டியில் ஏறுமுன் திறப்பை என் கையில் வைத்தார். "இரண்டாவது வரிசையிலை ஒரு கதிரைக்குக் கால் ஆடுது. ஒருத்தரையும் இருக்க விடாதை" என்றார்.

நாங்கள் உள்ளே போனோம். மண்டபம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. புஷ்பம் அக்கா, எங்கள் சபையில் முழங்காலில் நின்று ஜெபிக்கிற தாய், கையை உயர்த்திச் சொன்னா: "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இண்டைக்காவது நேரத்துக்கு ஹோல் கிடைச்சுது." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த ஆமென் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

திங்கட்கிழமை செய்தி வந்தது. ஒனோரேயைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புதன் காலை நீதிபதி முன் நிறுத்துவார்கள். பிறகு கொங்கோவுக்கு விமானம். அங்கே இறங்கினால் அவருக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் இறங்கியவுடன் ஒரு மனிசனுக்கு என்னவெல்லாம் நடக்கலாம் என்று தமிழனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் ஓப்பெராப் பக்கம் ஒரு உணவகத்தில் சட்டி கழுவுகிறவன். அன்று முழுவதும் கழுவிக்கொண்டே ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, ஒனோரேயை விடுதலையாக்கும். கூப்பிட்டது நான் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவேண்டாம்." பரலோகத்தோடு பேரம் பேசினேன். சோறு இறங்கவில்லை. மனைவி வசந்தி நான் உபவாசம் இருக்கிறேன் என்று நினைத்தாள். நானும் மறுக்கவில்லை. பாருங்கள், அந்த நிலைமையிலும் நல்ல பெயர் வாங்கப் பார்த்தேன்.

செவ்வாய் பகல் வரை அதே ஜெபம். வானம் பூட்டிக் கிடந்தது. ஒரு பெரிய எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது என்னையறியாமல் வேறு வார்த்தைகள் வந்தன: "என்ரை மானம் போகட்டும். அவரை விடுவியும்." அவ்வளவுதான். சட்டிக்குள் முகத்தை வைத்து அழுதேன். அழுகையோடு ஒரு உறுதியும் வந்தது. இனிப் பின்வாங்குவதில்லை.

செவ்வாய் மாலை ஜெபக்கூட்டத்தில் எங்கள் பாஸ்டர் எழுந்து சொன்னார். கொங்கோச் சபையிலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. ஒனோரேயிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. அதை ஒப்படைத்து, அவர் தங்குவதற்கு ஒரு நிலையான விலாசமும் காட்டினால் நீதிபதி முகாமிலிருந்து வெளியே விடலாம் என்று வக்கீல் சொல்கிறார். அவர்களில் பலர் விடுதிகளில் கட்டிலுக்கு வாடகை கொடுத்து இருப்பவர்கள். அட்டையும் வீட்டு பில்லும் உள்ள ஒருவர், இவர் என் வீட்டில் இருப்பார் என்று கடிதம் தர வேண்டும்.

இந்தக் கடிதம் எங்களுக்குப் புதிதா? ஊர்க்காரன், ஊர்க்காரனின் மச்சான், மச்சானைத் தெரிந்தவன் என்று யாருக்குத்தான் கொடுக்கவில்லை? என் தபால் பெட்டியில் பெயர் ஒட்ட இடமில்லாமல் இருந்த காலம் உண்டு. ஆனால் அன்று சபை கண்ணை மூடியது. உருக்கமாக ஜெபித்தது. கண்ணைத் திறந்தது. ஒருவரும் கடிதம் என்று வாய் திறக்கவில்லை. ராசன் அண்ணை மட்டும் மெல்ல, "என்ரை பிரஜாவுரிமைப் பைல் இன்னும் முடியாமல் உள்ளை கிடக்கு. இந்த நேரத்திலை பொலிஸ் விசயம்..." என்று இழுத்தார். அவரில் பிழையில்லை. பயம் எங்களுக்கு இரத்தத்தில் கலந்தது.

நான் எழுந்தேன். "அண்டைக்குப் பொலிஸைக் கூப்பிட்டது நான்" என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். என் மரியாதை அப்படி. திரும்பவும் சொன்னேன்.

புஷ்பம் அக்காதான் முதலில் பேசினா. குரல் உயரவில்லை. "அப்ப நீ தலையாட்டியிருக்கிறாய், சேவியர்."

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் விளங்காது. எங்கள் ஊரில் ஆமி சனத்தை வரிசையில் நடத்தும். தலையில் சாக்கு மூடிய ஒருவன், கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு, முன்னால் இருப்பான். அவன் ஒருவனைப் பார்த்துத் தலையை ஆட்டினால் அந்த ஆள் போய்விட்டான். அக்காவின் தம்பி அப்படிப் போனவன். 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்தபோது நானும் அப்படி ஒரு வரிசையில் நடந்தேன். "ஆண்டவரே, அவன் தலையை ஆட்டக்கூடாது" என்று ஜெபித்தேன். ஆட்டவில்லை. அந்த உயிரைக் கொண்டுவந்து, பாரிஸில் ஒரு மழைநாளில், இன்னொருவனுக்கு நான் தலையாட்டியிருக்கிறேன்.

நான் அழத் தொடங்கினேன். வசந்தி எழுந்தாள். "அழுகையை வீட்டை வைச்சுக்கொள்ளுங்கோ. மின்சார பில் என்ரை பேரிலை. கடிதம் நான்தான் எழுதோணும். ஆரிட்டைப் பேனை இருக்கு?"

பேனை கொடுத்தது புஷ்பம் அக்கா.

பாஸ்டர் சொன்னார்: "இப்ப ஜெபிப்பம். ஆனா ஜெபிச்சுப்போட்டு வீட்டை இருக்கிறேல்லை. நாளைக்கு வேலைக்கு லீவு போடக்கூடிய ஆக்கள் எல்லாம் கோட்டுக்கு." அந்த ஜெபத்தில் ஒருவரும் சத்தம் போடவில்லை. நான் என் வாழ்க்கையில் கேட்ட மிகப் பலமான ஜெபம் அதுதான்.

புதன் காலை நீதிமன்றத்தில் தமிழர் பதினொரு பேர். ராசன் அண்ணையும் வந்திருந்தார், கடைசி வாங்கில், தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு. கொங்கோச் சபையார் எட்டுப் பேர். இடம் போதாமல் எல்லோரும் கலந்து நெருக்கி உட்கார்ந்தோம். ஒரு மண்டபத்தைப் பல வருடம் பகிர்ந்தவர்கள், ஒரே வாங்கில் இருந்தது அன்றுதான்.

கண்ணாடி போட்ட நீதிபதி அம்மா வசந்தியின் கடிதத்தைப் பார்த்தார். இவர் உங்களுக்கு உறவா என்று கேட்டார். இல்லை என்றாள் வசந்தி. எப்போதிருந்து உங்கள் வீட்டில் இருக்கிறார்? "இன்றிலிருந்து." எத்தனை அறை? "இரண்டு." இவர் எங்கே படுப்பார்? "சோபாவில்." அதில் இப்போது யாரும் படுப்பதில்லையா? வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்து, அலுவலகம் கூட்டித் துடைக்கிற வேலையில் படித்த அந்த நேரான பிரெஞ்சில் சொன்னாள்: "என் கணவர். இனி அவர் நிலத்தில் படுப்பார்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் பலமாகத் தலையாட்டினேன். ஒரு நன்மைக்காக ஆட்டிய தலை.

மதியத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டில் இருக்கலாம், பொலிஸ் நிலையத்தில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். விமானம் இல்லை! புஷ்பம் அக்காவும் முன்பின் தெரியாத ஒரு கொங்கோத் தாயும் கட்டிப்பிடித்து அழுதார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. இருவரும் பேசிக்கொண்டே அழுதார்கள்.

அன்று மாலை எங்கள் வீட்டில் புட்டும் மீன்குழம்பும். ஒனோரேயின் முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் பிரெஞ்சு வழக்கம்போல என்னைக் கைவிட்டது. ஆனாலும் சொன்னேன். அவர் கையை உதறிவிட்டு எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: "திறப்பு தரும்போது ஒவ்வொரு கிழமையும் ஒண்டு சொல்லுவாயே, அது என்ன?"

அதையும் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பகிடியை நான் சொன்னதில்லை. அவர் யோசித்தார். "அதிலை சிரிப்பு இல்லையே" என்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வந்து இதை என்ரை ஆக்களுக்கும் சொல்லு. அதுக்குப் பிறகு மன்னிக்கிறதைப் பற்றிக் கதைப்பம்" என்றார்.

சொன்னேன். அவர்களுடைய மேடையில், மைக் பிடித்து. சிலர் முகத்தைத் திருப்பினார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் என்னோடு பேச ஒரு வருடம் ஆனது. அது நியாயம். ஒனோரே வந்து என் தோளில் கை வைத்து ஜெபித்தார். மேளம் தொடங்கியது. அன்றும் அரை மணித்தியாலம் பிந்தியது. நான் மழையில் நிற்கவில்லை, உள்ளே நின்றேன்.

ஒனோரே நாலு மாதம் எங்கள் சோபாவில் இருந்தார். நான் நிலத்தில் படுத்தேன், இடுப்பு சாட்சி. மேன்முறையீடு, காகிதம், காத்திருப்பு என்று இரண்டு வருடம் ஓடி, கடைசியில் அவருக்கு அட்டை கிடைத்தது.

அதன்பிறகு இரண்டு சபையும் சேர்ந்து ஒரு தீர்மானம் எடுத்தோம். மண்டப வாசலிலோ மெட்ரோ வாசலிலோ பொலிஸ் எங்களில் ஒருவரை நிறுத்தினால், அட்டை உள்ள இருவர் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். கத்தக்கூடாது. வசைபாடக்கூடாது. வணக்கம் சொல்லிவிட்டு, அனுப்பும்வரை நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் போகக்கூடாது. நிறத்தைப் பார்த்து நிறுத்துவது அநியாயம், அதைச் சொல்ல நாங்கள் பயப்படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பொலிஸாருக்காகவும் ஜெபிக்கிறோம். அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு மற்றவர்களைவிட உரிமை குறைவு. ஆபிரிக்கர் கூட்டம், பயம் என்று சொல்லி அழைத்தது நான் அல்லவா?

அன்பானவர்களே, நீங்களும் ஒரு பிழையைச் செய்துவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் ஆண்டவர் அதைச் சரிசெய்யட்டும் என்று காத்திருக்கிறீர்களா? இரண்டு நாள் அப்படிக் காத்திருந்தவன் சொல்கிறேன், உங்கள் மானத்தை முதலில் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று நான் உறுதி தரமாட்டேன். எனக்கு இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஆனால் ஒரு மனிசனைத் திரும்பத் தந்தார். அந்த மனிசன் என்னைச் சகோதரன் என்று கூப்பிடும்போது இப்போது நான் தலைகுனிந்து, ஓம், சகோதரன்தான் என்கிறேன். நம்புங்கள். எழுந்து நில்லுங்கள். அவர் உங்களையும் கைவிடமாட்டார்.

இதை எழுதி முடித்து, சபை மலருக்குக் கொடுக்குமுன் வசந்தியிடம் நீட்டினேன். "சேவியர் எண்டதை எடுத்துப்போட்டு, ஒரு சகோதரன் எண்டு போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"உள்ள பேரைப் போடுங்கோ."