போத்தலில் கொண்டுபோன எண்ணெய்

லேசர் கருவி எங்கள் மின்நிலையத்துக்கு வந்த அன்று எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் இல்லை. யுத்தம் முடிந்து கொஞ்சக்காலம் இருக்கும். கையில் தூக்கக்கூடிய ஒரு பெட்டி, அவ்வளவுதான். ட்ரான்ஸ்போமரின் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து, அதில் கரைந்திருக்கும் வாயுவைப் பிரித்து, அதற்குள் லேசர் ஒளியை விட்டுப் பார்க்கும். ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய ஒளியை மட்டும் விழுங்குமாம். விழுங்கிய அளவை வைத்து எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடும். கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்த பொறியியலாளர் விளக்க விளக்க நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். இந்தச் சனியன் பிடித்த பெட்டி முன்பே வந்திருந்தால் ஒரு மனிதர் செத்திருக்க மாட்டார், அவர் பெயரும் கெட்டிருக்காது என்பதுதான் மனதில் ஓடியது.

அந்த மனிதர் எங்கள் நிலையத்தின் ஒப்பரேற்றர். காத்தான்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் மூத்த முஸ்லிம் ஆண்களைக் காக்கா என்று அழைப்பது வழக்கம். நானும் அப்படித்தான் அழைத்தேன். அவருக்கு மேலதிகாரி நான். என்னை அவர் மிஸ் என்பார்.

சுனாமி வந்தபோது ட்ரான்ஸ்போமரைச் சுற்றி இடுப்பளவு கடல் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கழுவினோம். கழுவியவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு சாவு. காக்கா தன் தங்கச்சியை அடக்கம் பண்ணிவிட்டு நேரே வேலைக்கு வந்திருந்தார். மாற்றுவதற்கு வேறு ட்ரான்ஸ்போமர் கிடையாது. ஆசுபத்திரிக்கும் அகதி முகாம்களுக்கும் அதிலிருந்துதான் கரண்ட் போக வேண்டும். காய வைத்து, சோதித்து, திரும்ப ஓட விட்டோம்.

உப்பு உள்ளே போய்விட்டது என்று எல்லோருக்கும் பயம். ட்ரான்ஸ்போமருக்குள் எங்காவது சூடேறினால், பொறி பறந்தால், எண்ணெய் சிதைந்து வாயுவாகும். அந்த வாயு எண்ணெயிலேயே கரைந்து நிற்கும். அதை அளந்தால் நோய் தெரிந்துவிடும். ஆனால் அளக்கிற இடம் கொழும்பில் இருந்தது. எண்ணெயைக் கண்ணாடி ஊசிக்குழலில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் எடுத்து, வாயை அடைத்து, பஞ்சு வைத்த பெட்டியில் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவது என் வேலை.

சண்டை திரும்பத் தொடங்கிய காலம். பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து, ஏறி, திரும்ப இறங்கி, ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் அந்த ஊசிக்குழல் பெரிய பிரச்சினை. கடிதம் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். தமிழ்ப் பெண், பையில் ஊசி, ஊசிக்குள் ஏதோ எண்ணெய். ஒருமுறை வெயிலில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். இன்னொருமுறை ஒருவன் திறந்து, மணந்து பார்த்து, பாதியை மண்ணில் ஊற்றிவிட்டுத் திருப்பித் தந்தான். அவமானத்தில் அழுகை வந்தது. அடுத்தமுறை நானும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். எண்ணெயைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் ஊற்றி, சீப்போடும் துவாயோடும் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டால் தலைக்கு வைக்கிற எண்ணெய். ஊசிக்குழலை வெறுமையாகப் பெட்டியின் அடியில் போட்டேன். வெறும் ஊசியை மருந்துச் சாமான் என்று விட்டுவிட்டார்கள். ஒரு சாவடியிலும் மறிக்கவில்லை. கொழும்புக்கு வந்ததும், புறக்கோட்டை பஸ் நிலையத்துக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு போத்தலிலிருந்து ஊசிக்குழலுக்கு எண்ணெயை இழுத்து நிரப்பினேன்.

படித்தவள்தானே நான்? ஒரு குமிழியே கூடாது என்றால், நாள் முழுக்கப் பஸ்ஸில் குலுங்கிய அரைப் போத்தல் எண்ணெயில் என்ன வாயு மிஞ்சும்? தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். இந்த ஒருமுறை போகட்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அறிக்கை வந்தது. கெட்ட வாயுக்கள் மிகக் குறைவு, தொடர்ந்து இயக்கலாம் என்று. அதை வாசித்தபோது எனக்கு வந்தது நிம்மதி! நான் கெடுத்த எண்ணெயின் அறிக்கையை நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

காக்கா நம்பவில்லை. "சத்தம் சரியில்ல மிஸ். முந்தியப் போல இல்ல. உள்ளுக்க என்னமோ பொரியிற மாதிரிக் கேக்குது."

"றிப்போட்டப் பாருங்க காக்கா. எல்லாம் நல்லாத்தான் இரிக்கு."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று போய்விட்டார்.

எண்ணெயில் வாயு கூடினால் அடிக்கிற ஒரு அபாய மணி அதில் உண்டு. மணி அடித்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், கிட்டப் போகவே கூடாது, அதுதான் விதி. சுனாமிக்குப் பிறகு மணிக்குப் போகும் வயர்களில் உப்பு ஏறி, அது சும்மா சும்மா அடித்தது. ஒவ்வொரு முறையும் காக்கா நிறுத்துவார், ஊர் இருளும், ஆசுபத்திரியிலிருந்து எனக்கு ஏச்சு விழும். கடைசியில் நான் பொறுமையிழந்து போனில் சொன்னேன்: "மணி அடிச்சா உடன நிப்பாட்டாதீங்க காக்கா. எண்ணெய் நல்லா இரிக்கு. முதல்ல போய்ப் பாத்திட்டுப் பிறகு நிப்பாட்டுங்க."

பத்து நாள் கழித்து, ஒரு பகல் நேரம் மணி அடித்தது. அவர் போய்ப் பார்த்தார். ட்ரான்ஸ்போமர் வெடித்தது. எரிகிற எண்ணெய் அவர் மேல் கொட்டியது. நாலு நாள் ஆசுபத்திரியில் கிடந்து மௌத்தாகிப் போனார்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். மணி அடித்தும் நிறுத்தாமல் அவர் ஏன் கிட்டப் போனார், யாராவது சொன்னார்களா என்று என்னைக் கேட்டார்கள். "தெரியாது" என்றேன். ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் என் வேலையும் மரியாதையும் தப்பின. ஒப்பரேற்றரின் கவனயீனம் என்று எழுதி முடித்தார்கள். எங்கள் பக்கத்துக் குருக்கள்மடத்திலிருந்து காத்தான்குடி வரைக்கும் கதை பரவியது, அந்த மனிசன் தன்ட பிழையால செத்தது என்று. நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

லேசர் கருவி வந்த அன்று அந்தப் பொறியியலாளர், புதிய அளவுகளோடு ஒப்பிடுவதற்குப் பழைய அறிக்கைகளைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டி வந்தவர் வெடித்துப்போன ட்ரான்ஸ்போமரின் கடைசி அறிக்கையில் நின்றுவிட்டார். காற்றிலுள்ள ஒட்சிசனும் நைதரசனும் இவ்வளவு எப்படி வரும், இது திறந்து கிடந்த எண்ணெய் அல்லவா, இதை எடுத்தது யார் என்று கேட்டார். அவர் யாரையும் பிடிக்க வந்தவர் அல்ல. சோதனைச்சாவடியில் திறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் கேள்வி அதோடு முடிந்திருக்கும். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எனக்குச் சலித்துவிட்டது. காக்கா செத்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

"நான்தான்" என்றேன். போத்தலையும் சொன்னேன், போனில் சொன்னதையும் சொன்னேன். அன்றே எழுதியும் கொடுத்தேன். என்னைத் தரமிறக்கி வேறிடத்துக்கு மாற்றினார்கள். காக்காவின் பெயரிலிருந்த குற்றத்தை நீக்கி ஒரு கடிதம் வந்தது. தபாலில் போக வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் மனைவியிடம் நானே போனேன்.

கதவைத் திறந்து உள்ளே இருத்தினார். கடிதத்தை நீட்டினேன். அவர் வாசிக்கும்வரை காத்திராமல், போத்தலிலிருந்து போன்வரை முழுவதையும் வாயால் சொன்னேன். என்னை ஏசுவார், முகத்தில் துப்புவார், வெளியே போடி என்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு நாள் ஆசுபத்திரியில கிடந்தார் மிஸ்" என்றார். "நாலு நாளும் நான் அவர ஏசினேன். மணி அடிச்சாக் கிட்டப் போகக்குடாதெண்டு எங்களுக்கே சொல்லித் தந்த மனிசன், ஏன் போனீங்க, பிள்ளையள நினைக்கல்லியா எண்டு ஏசினேன். அவர் ஒரு சொல்லுச் சொல்லல்ல. உங்கட பேரச் சொல்லல்ல. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுட்டுக் கிடந்தார்."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏசினதுக்கு நான் இனி அவருட்ட என்னெண்டு மாப்புக் கேக்குற, மிஸ்?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே என்னிடம் வழி கேட்டார்.